விஓ2 மேக்ஸ், லாக்டேட் பரிசோதனை: ஒரு பி.டி. டீச்சரின் அனுபவம்

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 44. கல்லூரி நாட்களில் 800 மீட்டர் ஓடினேன். இப்போதும் வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓட்டம் உண்டு. போன மாதம் சென்னையில் ஒரு விளையாட்டு அறிவியல் கூடத்துக்குப் போய், 6,500 ரூபாய் கட்டி, உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று முகத்தில் மாஸ்க் மாட்டி ஓடவைத்துப் பார்க்கும் விஓ2 மேக்ஸ் பரிசோதனையையும், லாக்டேட் (லாக்டிக் ஆசிட் என்று நாம் வழக்கமாகச் சொல்வது) எவ்வளவு ஏறுகிறது என்று விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் பரிசோதனையையும் செய்துகொண்டேன். கூடத்தின் பெயரை எழுதவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன். தவிர, இதே பரிசோதனை இப்போது பல ஊர்களில் கிடைக்கிறது. எங்கே போனாலும் பார்க்க வேண்டியவை ஒன்றுதான்.

எதற்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குறுவட்டப் போட்டியில் என் ஒன்பதாம் வகுப்பு மாணவி 800 மீட்டர் ஓடினாள். முதல் சுற்று 72 விநாடி. இரண்டாவது சுற்று 95. கடைசி 150 மீட்டரில் அவளை நான்கு பேர் தாண்டிப் போனார்கள். கோட்டைத் தொட்டதும் மண்ணிலேயே உட்கார்ந்து, "கால் கல்லாயிடுச்சு டீச்சர்" என்றாள். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: "லாக்டிக் ஆசிட் ஏறிடுச்சும்மா, எழுந்து காலை உதறு." அவள் உதறிக்கொண்டே, "அது ஏன் டீச்சர் வருது? எங்கிருந்து வருது?" என்று கேட்டாள். படிக்கும் காலத்தில் மனப்பாடம் செய்த நாலு வரி வாயில் வந்தது. சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, அந்த நாலு வரிக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு என் உடம்பிலேயே பதில் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு முன்பே சாப்பிட்டு முடிக்க வேண்டும், காபி கூடாது, முந்தின நாள் கடுமையான பயிற்சி கூடாது என்று போனிலேயே சொன்னார்கள். விடியற்காலை ரயிலில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். போனதும் ரத்த அழுத்தம் பார்த்து, இ.சி.ஜி. எடுத்து, ஒரு மருத்துவர் பத்து நிமிடம் பேசினார். இது இல்லாமல் நேரே டிரெட்மில்லில் ஏற்றிவிடும் இடமாக இருந்தால், குறிப்பாக நாற்பது தாண்டியவர்கள், திரும்பி வந்துவிடுங்கள்.

பரிசோதனை நடத்தியவர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு தம்பி. விளையாட்டு உடலியல் படித்தவர். முதலில் "மேடம்" என்றவர், என் வேலையைச் சொன்னதும் "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். என்னை ஏற்றுவதற்கு முன் அவர் செய்த வேலை எனக்குப் பிடித்தது. மூன்று லிட்டர் கொள்ளும் ஒரு பெரிய சிரிஞ்சை மாஸ்க்கின் குழாயில் பொருத்தி, இழுத்தும் தள்ளியும் கருவி சரியாக மூன்று லிட்டர் காட்டுகிறதா என்று பார்த்தார். அப்புறம் அளவு தெரிந்த வாயுக் கலவை உள்ள சிலிண்டரைத் திறந்து, ஆக்சிஜன் சென்சாரைச் சரிபார்த்தார். "ஒவ்வொருத்தருக்கும் முன்னாடி இதைச் செய்யணும் டீச்சர். செய்யலேன்னா வர்ற நம்பருக்கு அர்த்தமே இல்லை" என்றார்.

கருவி செய்வது எளிய கணக்குதான். நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். விடும் காற்றில் 16, 17 சதவீதம் இருக்கும். இடையில் காணாமல் போனதை உடம்பு எடுத்துக்கொண்டது. எவ்வளவு காற்று போய்வந்தது என்பது தெரிந்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் செலவானது என்று சொல்லிவிடலாம். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் சுமார் ஐந்து கிலோகலோரி ஆற்றல் வெளிப்பட்டிருக்கிறது என்று பொருள். வெளியேறும் கரியமில வாயுவையும் சேர்த்து அளந்தால், எரிவது கொழுப்பா மாவுச்சத்தா என்பதும் தெரியும். கரியமில வாயுவை ஆக்சிஜனால் வகுத்து வரும் எண் 0.7 பக்கம் இருந்தால் பெரும்பாலும் கொழுப்பு, 1.0 என்றால் முழுக்க மாவுச்சத்து.

மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கி.மீ. ஏற்றினார். ஒவ்வொரு படியின் முடிவிலும் டிரெட்மில்லை அரை நிமிடம் நிறுத்தி, விரலைத் துடைத்து, ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டைத்தான் கருவியில் வைத்தார். வியர்வையில் லாக்டேட் நிறைய இருக்கும், அது கலந்தால் அளவு தவறாகிவிடும் என்றார்.

நான் அங்கே பார்த்ததில் மிக முக்கியமானது முதல் இரண்டு நிமிடங்களில் திரையில் ஓடிய கோடு. டிரெட்மில் ஓடத் தொடங்கிய நொடியிலேயே என் கால்களுக்கு முழு ஆற்றலும் தேவைப்பட்டது. ஆனால் ஆக்சிஜன் கோடு உடனே ஏறவில்லை. மெதுவாக, வளைந்து வளைந்து, இரண்டு நிமிடம் கழித்துத்தான் ஒரு மட்டத்தில் நின்றது. "அப்ப நடுவுல என் கால் எதுல ஓடிச்சு தம்பி?" என்று இறங்கின பிறகு கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலுக்காகவே அந்த 6,500 ரூபாயைக் கொடுக்கலாம்.

தசைக்குச் செலவாணி ஒன்றுதான், ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. கொழுப்போ சர்க்கரையோ எதை எரித்தாலும் அதை ஏ.டி.பி.யாக மாற்றித்தான் தசை செலவழிக்கும். ஆனால் உடம்பு அதைச் சேர்த்து வைப்பதில்லை. எந்த நேரத்திலும் நம் உடம்பில் இருக்கும் ஏ.டி.பி. நூறு கிராம்கூட வராது. முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மூன்று விநாடிக்குத்தான் காணும். அதனால் செலவாகச் செலவாகத் திரும்பச் செய்துகொண்டே இருக்கிறது. ஒரு நாளில் இப்படிப் புரளும் ஏ.டி.பி. ஏறக்குறைய நம் உடல் எடை அளவு இருக்கும்.

அதை உடனுக்குடன் நிரப்பக் கையருகே இருப்பது கிரியேட்டின் பாஸ்பேட். சமையலறையில் அன்றாடம் எடுக்கும் அஞ்சறைப் பெட்டி மாதிரி. ஆக்சிஜனுக்குக் காத்திருக்காது. ஆனால் முழு மூச்சாக ஓடினால் பத்து விநாடியில் பெரும்பகுதி காலி. அடுத்தது தசையில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை அவசரமாக உடைப்பது. வேகமாக நடக்கும், ஆனால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து நிகரமாக இரண்டு, மூன்று ஏ.டி.பி.தான் கிடைக்கும். அதே குளுக்கோஸை, செல்லுக்குள் அடுப்பு மாதிரி இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பி ஆக்சிஜனோடு முழுக்க எரித்தால் முப்பது, முப்பத்திரண்டு கிடைக்கும். ஆனால் அந்த வழி சூடேற நேரம் எடுக்கும். திரையில் மெதுவாக ஏறிய கோடு அதுதான்.

இந்த மூன்றையும் நானும் படித்திருக்கிறேன். ஆனால் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும், கியர் மாற்றுவது போல, என்றுதான் என் மனதில் இருந்தது. அப்படி இல்லை. மூன்றும் முதல் நொடியிலிருந்தே வேலை செய்கின்றன. பங்கு மட்டும் மாறுகிறது. ஸ்பென்ஸர், காஸ்டின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-ல் வெளியிட்ட அளவீட்டில், நன்கு பயிற்சி பெற்றவர்கள் 400 மீட்டர் ஓடும்போதே ஆற்றலில் 43 சதவீதம் ஆக்சிஜன் வழியாக வந்திருக்கிறது. 800 மீட்டரில் 66 சதவீதம். நான் 800 மீட்டரை 'இரண்டு சுற்று ஸ்பிரிண்ட்' என்று சொல்லிப் பிள்ளைகளைப் பழக்கிவந்தேன். மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்கிற வழிக்கு நான் பயிற்சியே தரவில்லை.

சரி, லாக்டேட்டுக்கு வருகிறேன். என் எண்கள் (ஒரு லிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிமோல் என்ற கணக்கு): 7 கி.மீ. வேகத்தில் 1.1, எட்டில் 1.2, ஒன்பதில் 1.6, பத்தில் 2.7, பதினொன்றில் 5.2. பன்னிரண்டில் ஒரு நிமிடம் நாற்பது விநாடிதான் தாங்கினேன், அப்போது 8.9. இதயத் துடிப்பு 181. இறங்கி மூன்று நிமிடம் உட்கார்ந்த பிறகு எடுத்ததில் 9.6. ஓட்டம் நின்ற பிறகும் எண் ஏறுவதைப் பார்த்து நான் பயந்தேன். தசைக்குள் இருந்தது ரத்தத்துக்கு வந்துசேரச் சில நிமிடம் ஆகும் என்று அவர் விளக்கினார். அப்புறம் இருபது நிமிடம் மெதுவாக நடக்கச் சொல்லி மறுபடி எடுத்தார். 4.1.

"அந்த அஞ்சரை எங்க போச்சுன்னு நினைக்கிறீங்க டீச்சர்?" என்றார். கழிவாக வெளியேறியிருக்கும் என்றேன். "இல்ல. பெரும்பகுதியை உங்க உடம்பு எரிபொருளா எரிச்சிடுச்சு. உங்க இதயமும் அதைத்தான் சாப்பிட்டிருக்கு."

லாக்டேட் விஷம் இல்லை. அவசரமாகச் சர்க்கரையை உடைக்கும்போது உருவாகிறது. வேலை குறைவாக இருக்கும் தசை இழைகளும் இதயமும் அதை வாங்கி எரிக்கின்றன. கொஞ்சம் கல்லீரலுக்குப் போய் மறுபடி குளுக்கோஸாகிறது. கல்லீரல் வழியான இந்தச் சுற்றுக்குக் கோரி சுழற்சி என்று பெயர். கோரி தம்பதி 1947-ல் நோபல் பரிசு பெற்றவர்கள். தசையிலிருந்து தசைக்கு லாக்டேட் எரிபொருளாகப் போய்வருகிறது என்பதை கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜார்ஜ் புரூக்ஸ் 1980-களிலேயே சொல்லிவிட்டார். ரத்தத்தில் ஏறிய லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. அப்படியானால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பதற்கு அது எப்படிக் காரணமாக இருக்க முடியும்? அந்த வலி, பழக்கமில்லாத உழைப்பில், குறிப்பாகத் தசை நீண்டுகொண்டே பளு தாங்கும்போது, தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்திலிருந்து வருவது. பத்தொன்பது வருடம் எத்தனை பிள்ளைகளிடம் "லாக்டிக் ஆசிட் வலி" என்று சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

கால் கல்லாவதற்குக் காரணம் ஒன்று அல்ல. கிரியேட்டின் பாஸ்பேட் உடைந்து குவியும் பாஸ்பேட், தசைக்குள் ஏறும் அமிலத்தன்மை, தசை சுருங்கத் தேவையான கால்சியம் ஓட்டம் குறைவது எல்லாம் சேர்ந்தது. அவள் முதல் சுற்றை 72-ல் ஓடியபோது, ஆக்சிஜன் வழி சூடேறும் முன்பே அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டாள். அதற்கு அப்படிப் பழக்கிய நான்தான் பொறுப்பு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டேவிட் ருடீஷா 1:40.91-ல் உலக சாதனை படைத்தபோது முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. வித்தியாசம் இரண்டு விநாடி சொச்சம்தான். என் பிள்ளைக்கு 23 விநாடி.

அந்தத் தம்பி சொன்ன இன்னொரு விஷயத்தை எழுதாமல் இருக்க முடியாது. 1920-களில் தசை சுருங்குவதற்கே லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று பெரிய அறிஞர்களே நம்பினார்கள். தசை பற்றிய ஆய்வுக்காக ஏ.வி. ஹில்லுக்கும் ஓட்டோ மெயர்ஹோஃபுக்கும் 1922-க்கான நோபல் பரிசும் கிடைத்தது. 1927-ல் தசையில் கிரியேட்டின் பாஸ்பேட் இருப்பதை, இங்கிலாந்தில் எகில்டன் தம்பதியும் அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்த இருவரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். 1930-ல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலமே உருவாகாதபடி செய்த தசையும் சுருங்குகிறது என்று காட்டியதும் அந்தப் பழைய கருத்து விழுந்தது. அந்த ஹார்வர்ட் இருவரில் ஒருவர் சைரஸ் ஃபிஸ்கே. இன்னொருவர் எல்லாப்ரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னையில் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தவறி மூன்றாவது முறை தேறியவர். 1995-ல் அவருடைய நூற்றாண்டுக்கு இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே அந்தக் கல்லூரியை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். என் மாணவிகள் முப்பது மீட்டர் பாயும்போது எந்தப் பொருளில் பாய்கிறார்களோ அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் அங்கே படித்தவர் என்பது உடற்கல்வி ஆசிரியையான எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. திங்கட்கிழமை முதல் வேலையாகப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். மூன்றாவது முறை தேறினார் என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இனி குறைகள். உடை மாற்றும் அறையில் பாதி இடத்தை அட்டைப்பெட்டிகள் அடைத்திருந்தன, தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. மார்பில் இதயத் துடிப்புப் பட்டை கட்ட வேண்டிய பரிசோதனைக்குப் பெண் உதவியாளர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும், அன்று இல்லை. நானே கட்டிக்கொண்டேன். பதினாறு வயதுப் பெண்ணை அழைத்து வந்தால் என்ன செய்வது? போனில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாஸ்க்கில் நடு அளவு மட்டும்தான் இருந்தது, மூக்கின் ஓரம் காற்று கசியாமல் இருக்க மூன்று முறை இறுக்க வேண்டியிருந்தது. அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில். என்னோடு காத்திருந்த கபடி வீரர் ஒருவர் தாளைப் புரட்டிவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அது எனக்கு வருத்தமாக இருந்தது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வந்தது அறிக்கையின் நான்காம் பக்கத்தில். மணிக்கு 7 கி.மீ. வேகத்தைப் பச்சை வட்டமிட்டு, 'கொழுப்பு எரியும் மண்டலம், எடை குறைய இங்கேயே இருங்கள்' என்று அச்சடித்திருந்தார்கள். எண் பொய் இல்லை. அந்த வேகத்தில் என் கரியமில வாயுவை ஆக்சிஜனால் வகுத்த எண் 0.82, ஆற்றலில் ஏறக்குறைய 60 சதவீதம் கொழுப்பிலிருந்து. பத்து கி.மீ. வேகத்தில் அது 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் அந்த 60 சதவீதம் என்பது நிமிடத்துக்கு அரை கிராம் கொழுப்புகூட இல்லை. ஒரு மணி நேரம் ஓடினாலும் முப்பது கிராம் வராது. எடை குறைவது நாள் முழுக்கச் சாப்பிடுவதையும் செலவழிப்பதையும் பொறுத்தது, அந்த அரை மணி நேரம் எது எரிந்தது என்பதைப் பொறுத்தது இல்லை. இவ்வளவு கவனமாக அளந்துவிட்டு இப்படி ஒரு வரியை அச்சடிப்பது, நம்பி வருகிறவர்களுக்குச் செய்யும் தவறு. வெளியே வரும்போது வரவேற்பில் இருந்தவர் புரதப் பவுடர் டப்பா ஒன்றையும் பரிந்துரைத்தார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

என் விஓ2 மேக்ஸ் 41.6 என்று வந்தது. ஒரு நிமிடத்தில், ஒரு கிலோ எடைக்கு, அதிகபட்சம் அத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன். 44 வயதுப் பெண்ணுக்கு நல்ல எண். சும்மா உட்கார்ந்திருக்கும்போது சுமார் 3.5 போதும். ஆனால் எனக்குப் பயன்பட்டது இந்த எண் இல்லை, எந்த வேகத்தில் லாக்டேட் ஏறத் தொடங்குகிறது என்ற அந்த வளைவு. ஒன்பது கி.மீ. வரை என் உடம்பு உண்டாக்கும் லாக்டேட்டை உடனுக்குடன் எரித்துவிடுகிறது. பத்தைத் தாண்டினால் உண்டாவது மிஞ்சிவிடுகிறது. ஏரிக்கரையில் ஒவ்வொரு முறையும் பத்தரை கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தேன், மெதுவான ஓட்டம் என்ற நினைப்பில். இப்போது மூன்று நாள் எட்டரை கி.மீ. வேகத்தில் ஓடுகிறேன். இயல்பாகப் பேச முடிகிறது.

பள்ளியில் மாற்றியது அதைவிட அதிகம். முன்பெல்லாம் முப்பது மீட்டர் பாய்ச்சலுக்கு நடுவே 45 விநாடிதான் ஓய்வு தருவேன். அதற்கு மேல் கேட்டால் சோம்பல் என்று திட்டுவேன். கிரியேட்டின் பாஸ்பேட் பாதி நிரம்பவே அரை நிமிடம் பிடிக்கும், ஏறக்குறைய முழுதாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். இப்போது மூன்று நிமிடம் நிழலில் நடக்கவிடுகிறேன். ஐந்தாவது பாய்ச்சலும் முதலாவது மாதிரியே வருகிறது. 800 மீட்டர் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் பேசிக்கொண்டே ஓடும் நீள ஓட்டம். போட்டிக்கு முன் பத்து நிமிடம் ஓடிச் சூடேற்றிக்கொண்டுதான் கோட்டுக்குப் போக வேண்டும். ஓடி முடித்ததும் உட்காரக் கூடாது, நடக்க வேண்டும். எதற்கு என்று இப்போது என்னால் சொல்ல முடிகிறது.

யார் போகலாம் என்றால், பயிற்சி கொடுப்பவர்கள் ஒருமுறையாவது போக வேண்டும், கையிலிருந்து பணம் போட்டாவது. ஓட்டத்தை நேர்த்தியாகப் பழக விரும்பும் பெரியவர்கள் போகலாம். எடை குறைக்க மட்டும் என்றால் இந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்கும் பரிசோதனை தேவையே இல்லை, பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பார்த்தால் போதும். போகிறவர்கள் சிரிஞ்சும் சிலிண்டரும் வைத்துக் கருவியைச் சரிபார்க்கிறார்களா என்று நின்று பாருங்கள். வண்ணத் தாளோடு திரும்பாமல், படிவாரியான எண்களையும் கேட்டு வாங்குங்கள். பழைய ஷூவே போடுங்கள், புதியதில் ஓடாதீர்கள்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மறுபடி நேரம் வாங்கியிருக்கிறேன். அதே காலை ஒன்பது மணி, அதே தம்பி, அதே இரண்டு இட்லி. பத்து கி.மீ. வேகத்தில் 2.7 என்று வந்த லாக்டேட் இரண்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.